கடலைக் குளிர வைத்தவர்

துறைமுகத்தில் அவரை வாளிக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். கழுத்தில் தொங்கிய அட்டையில் 'கடல்சார் உற்றுநோக்குநர், இரண்டாம் நிலை' என்று போட்டிருந்தது. அதைப் படித்துக் காட்டினால், கேட்டவர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, சரி, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று மறுபடியும் கேட்டார்கள். வேலை இதுதான்: தினமும் காலையில் கடலுக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்ப்பது.

படகுத்துறையின் கடைசிக்கு நடந்துபோய், கித்தான் துணியில் தைத்த வாளியைக் கயிற்றில் இறக்கி, ஒரு வாளிக் கடலை மேலே இழுப்பார். அதற்குள் வெப்பமானியைச் செருகுவார். எண்ணைப் பார்த்துத் தலைமை அலுவலகத்துக்குப் போனில் சொல்வார். அவ்வளவுதான். இதற்கு ஒரு பயிற்சி, பயிற்சிக்கு ஒரு சான்றிதழ், சான்றிதழுக்கு ஒரு பிரேம். வாளியை நிழலில் வைக்க வேண்டும், மொண்ட கையோடு எண்ணைப் பார்த்துவிட வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஏன் என்றும் சொல்லியிருப்பார்கள். அது மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பு. ஏன் என்பதைக் கேட்கும் நிலையில் அந்த வகுப்பில் ஒருவரும் விழித்திருக்கவில்லை.

ஒரு வாளித் தண்ணீரின் சூட்டைத் தெரிந்துகொண்டு தலைமை அலுவலகம் என்ன செய்யப்போகிறது என்று யாரும் நினைக்கலாம். வாளிக்காரரின் அண்ணனே அப்படித்தான் நினைத்தார், வாய்விட்டும் சொன்னார். ஆனால் விஷயம் இருக்கிறது. வெயிலைத் தரையும் வாங்குகிறது, கடலும் வாங்குகிறது. தரைக்கு அண்ணனின் குணம். வாங்கியவுடன் கொதிக்கும், பொழுது சாய்ந்ததும் ஆறிவிடும். கடலுக்கு அம்மாவின் குணம். சட்டென்று முகத்தில் காட்டாது, மாதக்கணக்கில் உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும், பிறகு ஒருநாள் மொத்தமாக எடுத்து வைக்கும். சூடேறிய கடல் ஆவியை மேலே அனுப்புகிறது. ஆவி போகும்போது வெறுங்கையோடு போவதில்லை, கடலின் சூட்டை மடியில் கட்டிக்கொண்டுதான் போகிறது. மேலே போய் மேகமாகும்போது மடியை அவிழ்த்துக் கொட்டுகிறது. அங்கே காற்று சூடாகி இன்னும் மேலே எழும்ப, காலியான இடத்தைப் பிடிக்கப் பக்கத்துக் காற்றெல்லாம் பேருந்தில் ஜன்னல் சீட்டைக் கண்டதுபோல ஓடிவருகிறது. பூமி சுற்றுகிற சுற்றில் அந்த ஓட்டமும் வளைந்து சுற்ற ஆரம்பிக்கிறது. அதற்குப் பெயர் புயல். அடியில் கடல் சூடாக இருக்கும்வரை அதற்குப் பந்தி நடக்கும், உடம்பு வைக்கும். குளிர்ந்த கடலுக்கு மேல் வந்தால் இலை காலி, வற்றிப்போகும். ஆகவே வாளிக்காரர் சொல்லும் எண், வருகிற விருந்தாளிக்கு இந்த வீட்டில் அடுப்பு எரிகிறதா இல்லையா என்கிற தகவல்.

இந்தத் தகவலைத்தான் அவர் பல வருடமாகத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார். காரணம், அவருக்கு மனைவியைப் பிடித்திருந்தது.

அதைப் புரிந்துகொள்ள அவர்கள் வீட்டைப் பார்க்க வேண்டும். இரண்டே அறை. முன்னறையில் அம்மாவும் அண்ணன் பிள்ளைகளும். உள்ளறையின் நடுவே ஒரு சேலையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். திரைக்கு அந்தப்பக்கம் அண்ணனும் அண்ணியும், இந்தப்பக்கம் இவர்கள் இருவரும். இந்தப்பக்கம் தும்மினால் அந்தப்பக்கத்திலிருந்து, தலை துவட்டாமல் படுத்தால் இப்படித்தான் என்று பதில் வரும். மெதுவாக ஏதாவது சொன்னால், என்னடா ரகசியம் என்று அண்ணன் கேட்பார். சத்தமாகச் சொன்னால் முன்னறையிலிருந்து அம்மாவே கருத்துச் சொல்வார். கல்யாணமான புதிதில் வாளிக்காரர் மனைவியிடம் ஏதோ அன்பாகச் சொல்லப்போக, மறுநாள் அதை அண்ணன் மகள் பல்தேய்க்கும்போது பாட்டாகப் பாடினாள். அதோடு வீட்டில் பேச்சு நின்றது. சோறு போடவா, தண்ணி வேணுமா, விளக்கை அணைக்கவா. ரயில் நிலைய அறிவிப்பில்கூட இதைவிட உருக்கம் இருக்கும்.

மனைவி அதே துறைமுகத்தில், அக்கரைக்குப் போகும் படகுக்குச் சீட்டு கிழித்துக் கொடுக்கும் வேலையில் இருந்தாள். ஊருக்கு அவள் டிக்கெட் அக்கா. காலைப் படகு கூட்டத்தை அள்ளிக்கொண்டு போனதும் ஜன்னலை இறக்கி, 'இடைவேளை' என்ற பலகையைத் தொங்கவிட்டு, பிளாஸ்கில் டீயோடு படகுத்துறையின் கடைசிக்கு வருவாள். சரியாக அந்த நேரத்தில்தான் இவர் வாளியை மேலே இழுத்திருப்பார். வாளியைக் காற்று வீசும் பக்கம் கம்பத்தில் மாட்டிவிட்டு, இரண்டு பேரும் கடலைப் பார்த்து உட்கார்வார்கள்.

பிறகு பேச்சு. அண்ணி சோப்பை எண்ணி வைப்பது, ஒரு பயணி அரைச்சீட்டு கேட்டுவிட்டு மீசையை மறைத்தது, ஜன்னல் வைத்த ஒரு தனி அறை எங்கேயாவது கிடைக்குமா என்பது. அவள் மற்றவர்கள் போல நடித்துக் காட்டுவாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். வீட்டில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அம்மா அவருக்கு வயிற்றுக் கோளாறு என்றே நம்பிக்கொண்டிருந்தார்.

டீ தீர்ந்து, பேச்சு தீராமல், அவள் எழுந்து போன பிறகுதான் இவருக்கு அரசாங்கம் நினைவுக்கு வரும். ஓடிப்போய் வெப்பமானியைப் பார்த்து எண்ணைச் சொல்வார்.

அதற்குள் வாளி தன் வேலையைச் செய்து முடித்திருக்கும். கித்தான் துணி நீரைக் கசியவிடும். கசிந்த ஈரத்தைக் காற்று உறிஞ்சும். ஆவியாகப் போகிற நீர் மிச்ச நீரின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடும். ஈரச் சட்டையோடு பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து பல் தந்தியடித்த எவனுக்கும் இது தெரியும். கடலும் காற்றும் உலகம் முழுக்கச் செய்துகொண்டிருக்கும் கொடுக்கல் வாங்கலைத்தான் அந்த வாளியும் அதன் தகுதிக்கு ஏற்ப ஓரமாகச் செய்துகொண்டிருந்தது. வாளிக்காரர் சொன்ன எண் கடலின் எண்ணே இல்லை. காதலில் மறந்துபோன ஒரு வாளியின் எண்.

எண்கள் தலைமை அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே ஒரு முனைவர் இருந்தார். நல்ல மனிதர்தான், கடலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நேரில் பார்த்திருந்தார். வரைபடத்தை விரித்தவர், சுற்றிலும் கடல் சூடாகக் கொதிக்க, இந்த ஒரு துறைமுகத்தின் முன்னால் மட்டும் ஒரு குளிர்ந்த பொட்டு இருப்பதைக் கண்டார். செயற்கைக்கோள் அப்படி எந்தப் பொட்டையும் காட்டவில்லை. செயற்கைக்கோள் கடலின் தோலைத்தான் பார்க்கிறது, வாளி அதன் மனசைப் பார்க்கிறது என்று முனைவர் எழுதினார். ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் இங்கே ஊறி மேலே வருகிறது என்றும், அது ஓர் அபூர்வம் என்றும் எழுதினார். வேறு சில கரைகளில் அப்படி நிஜமாகவே நடப்பதால் யாரும் சந்தேகப்படவில்லை. அந்த நாளிலிருந்து அவர் குளிர் முனைவர் ஆனார்.

அதோடு விட்டிருக்கலாம். குளிர் முனைவர் எண்களை இன்னும் உற்றுப் பார்த்தார். வாரத்தில் ஒருநாள் மட்டும் கடல் சட்டென்று சூடாகி, மறுநாள் பழையபடி குளிர்வது தெரிந்தது. வாரம் தவறாமல். கடலுக்கு ஏழு நாள் தாளம் ஒன்று இருப்பதாக அவர் அறிவித்தார். அன்றைக்கு ஆலைகளுக்கு விடுமுறை, புகை குறைவு, ஆகவே வெயில் அதிகம், ஆகவே கடல் சூடு என்று விளக்கமும் கொடுத்தார். வெளிநாட்டில் ஒரு மாநாட்டில் எழுந்து நின்று கைதட்டினார்கள். அது டிக்கெட் அக்காவின் வார விடுமுறை நாள் என்பது அந்த மாநாட்டுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் பலமாகத் தட்டியிருப்பார்கள்.

ஊருக்குத் தலைகால் புரியவில்லை. 'புயல் திரும்பிப் போகும் கரை' என்று வீட்டுமனை விற்பவர்கள் பலகை நட்டார்கள். புயல் வந்தால் மக்கள் தங்குவதற்குக் கட்டடம் கட்ட வைத்திருந்த இடத்தில், வராத புயலுக்கு எதற்கு என்று நகரசபைத் தலைவர் ஒரு வரவேற்பு வளைவைக் கட்டினார். குளிர் முனைவர் அதைத் திறந்து வைக்க வந்தார். கடலைக் கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தார், ஷூ நனையும் என்று தண்ணீர்ப் பக்கம் போகவில்லை. வாளிக்காரருக்குச் சால்வை போட்டார்கள். அண்ணன் முதல்முறையாக, என் தம்பிதான் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்.

ஆனால் எல்லாரையும்விட நெஞ்சை நிமிர்த்தியது வாளிக்காரரின் மச்சான், மனைவியின் தம்பி. சொந்தமாக ஒரு மீன்பிடிப் படகு, சொந்தமாக ஒரு வாய், இரண்டும் பெரியது. சின்ன வயதில் தகப்பனை இழந்தவன். அக்கா கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து, தகப்பனுக்கு வைக்க வேண்டிய மரியாதை முழுவதையும் மாமாவின் தலையில் வைத்துவிட்டான். வாளிக்காரருக்கு அது கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது. வலை பின்னும் கொட்டகையில் உட்கார்ந்து, "எங்க மாமா ஒரு நம்பர் சொன்னா, கடலே அதைக் கேட்டு நடந்துக்கும்" என்பான். ஒரு கிழட்டு மீனவர், தம்பி, தண்ணி நல்லா வெதுவெதுன்னுதானே இருக்கு என்று ஒருமுறை சொன்னதற்கு, உங்க கால் பெரிசா, கவர்மெண்ட் வாளி பெரிசா என்று கேட்டு அவர் வாயை அடைத்துவிட்டான். கேட்டவர்களும் கவர்மெண்ட் வாளி பக்கமே சாய்ந்தார்கள்.

அந்த வருடம் தூரக் கடலில் ஒரு சுழல் கிளம்பியது. தலைமை அலுவலகம் அறிக்கை விட்டது. புயல் வலுப்பெறுகிறது, ஆனால் நமது குளிர்ந்த பொட்டை நெருங்கும்போது வலுவிழந்து சாதாரண மழையாகக் கரையும், அச்சம் வேண்டாம் என்றது. புயலுக்கு முன்னால் மீன் கூட்டமாகக் கரைப்பக்கம் ஒதுங்கும். மற்ற துறைமுகங்களில் படகுகளை மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டிருக்க, இங்கே ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மச்சான்காரன்தான் முதல் ஆள். அவன் போனால் பின்னால் மொத்தத் துறையும் போகும்.

அதே சமயத்தில் அக்கரை ஜன்னலில் இருந்த பெண் பிரசவத்துக்குப் போக, டிக்கெட் அக்காவைத் தற்காலிகமாக அங்கே மாற்றினார்கள். படகுத்துறையின் கடைசியில் வாளிக்காரர் தனியாக நின்றார். பேச ஆளில்லை. டீயும் இல்லை. வேறு வழியில்லாமல், மொண்ட கையோடு எண்ணைப் பார்த்தார்.

சூடு. மறுநாளும் சூடு. அதற்கு மறுநாளும் அப்படியே.

முதலில் அவர் வெப்பமானிக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்தார். புதியதைப் போட்டும் அதே எண். போனில் சொன்னபோது மறுமுனையில் இருந்த பணி அதிகாரி, அந்த எண்ணைக் கணினி வாங்க மறுக்கிறது, இந்தக் கிழமையில் உங்கள் கடலுக்கு அது பொருந்தவில்லை என்று சொல்லி, போன வாரத்து எண்ணையே போட்டுக்கொண்டார். வாளிக்காரர் படகுத்துறையில் நின்றபடி, மனைவி இல்லாததற்குக் கடல் ஏன் கோபப்படுகிறது என்று யோசித்தார். விளையாட்டாகத்தான் யோசித்தார். யோசித்தவர் அடுத்த நொடி விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். வார விடுமுறை. ஏழு நாள் தாளம். மாநாடு. சால்வை.

வீட்டு வாளி ஒன்றையும் கொண்டுவந்து சேர்த்து மொண்டார். வீட்டு வாளியில் உடனே பார்த்தார். கித்தான் வாளியை வழக்கமான கம்பத்தில் மாட்டி, மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாகப் பாவித்து, அண்ணி, சோப்பு, தனி அறை எல்லாவற்றையும் மனதுக்குள் பேசி முடித்துவிட்டுப் பார்த்தார். கித்தான் வாளியில் கடல் நன்றாகவே குளிர்ந்திருந்தது. கயிறு கட்டும் இரும்புக் குற்றியின்மேல் உட்கார்ந்தார். குளிர்ந்த பொட்டு என்று ஒன்று கடலில் இல்லை. அது இந்தக் கம்பத்தில் தொங்குகிறது. அதை நம்பித்தான் மச்சான் ஐஸ் ஏற்றிக்கொண்டிருக்கிறான்.

மனைவி மதியப் படகில் திரும்பியதும் அவளை அலுவலகக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு வந்து விஷயத்தைச் சொன்னார். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். தம்பிக்குத் தெரியுமா. இல்லை என்றார். போனைப் போடுங்கள் என்றாள்.

பணி அதிகாரி பொறுமையாகக் கேட்டார். எண்ணைத் திருத்த வேண்டுமானால் காரணம் எழுத வேண்டும் என்றார். வாளி தாமதமானது என்றார் இவர். எவ்வளவு காலமாக என்றார் அவர். கல்யாணமானதிலிருந்து என்றார் இவர். தாமதத்துக்குக் காரணம் என்ன என்று அதிகாரி கேட்டார். லஞ்சம் வாங்கினேன் என்றுகூடச் சொல்லிவிடலாம், அதற்கு முன்மாதிரி இருக்கிறது. கட்டின மனைவியோடு பேசிக்கொண்டிருந்தேன் என்று அரசாங்கத்திடம் எப்படிச் சொல்வது. வாளிக்காரர் தரையைப் பார்த்தார். மனைவி போனைப் பிடுங்கினாள்.

"சார், நான் அவர் வீட்டுக்காரி பேசறேன். என்னோட பேசிட்டு இருந்தார். அதான் காரணம், எழுதிக்கோங்க."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"அம்மா, அப்படி ஒரு காரணம் இங்க பட்டியல்லயே இல்ல."

"இல்லன்னா சேர்த்துக்கோங்க. வீட்ல பேச இடமில்ல சார், ரெண்டு ரூம்ல எட்டு பேர். கடல் சூடா இருக்கு, புயல் மெலியாது. எந்தம்பி படகு எடுக்கப் போறான். இத நீங்க எழுதறீங்களா, நான் அங்க வந்து எழுதட்டுமா?"

அதிகாரி அடுத்த மேசைக்கு மாற்றினார். அடுத்த மேசை அதற்கடுத்த மேசைக்கு. கடைசியில் குளிர் முனைவரே வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அபூர்வமான ஒரு இயற்கை நிகழ்வைக் குடும்ப விவகாரத்தோடு முடிச்சுப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இதைப் பரிசீலிக்க ஒரு குழு அமைக்கலாம், அடுத்த வாரம் கூடலாம் என்றார். புயல் இந்த வாரம் வருகிறதே என்று அவள் சொன்னதற்கு, புயலுக்காகக் குழுவின் தேதியை மாற்ற முடியாது என்று வருத்தத்தோடு சொன்னார். நிஜமாகவே வருத்தம்தான், குரலில் தெரிந்தது.

போனை வைத்துவிட்டு இருவரும் மீன்துறைக்கு ஓடினார்கள். அரசாங்கம் வாளிக்காரரை நம்பவில்லை, அது போகட்டும். ஆனால் மச்சான் அவரை நம்புகிறான். அதுதான் பயம். அந்த நம்பிக்கையைத் தன் கையாலேயே உடைத்தால்தான் அவனை நிறுத்த முடியும் என்று ஓடும்போதே அவருக்குத் தெரிந்திருந்தது.

மச்சான் நங்கூரக் கயிற்றில் கை வைத்திருந்தான். இரண்டு பேரையும் பார்த்ததும் வாயெல்லாம் பல். வழியனுப்ப வந்திருக்கிறார்கள் என்று பக்கத்துப் படகுகளுக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"மச்சான், போகாத," என்றார் வாளிக்காரர். "நம்பர் தப்பு."

"ஆபீஸ்ல தப்பா போட்டுட்டாங்களா? அவங்களுக்கு இதே வேலை மாமா."

"அவங்க இல்லடா. நான்தான்."

பக்கத்துப் படகுகளில் ஐஸ் உடைக்கும் சத்தம் நின்றது. வாளிக்காரர் சொன்னார். துணி வாளி, காற்று, பேச்சு, எல்லாவற்றையும். சொல்வதற்குள் வியர்த்துவிட்டது, அந்த வியர்வையைக் காற்று உலர்த்துவதும் தெரிந்தது, அதைக் காட்டியே விளக்கினார். ஒரு வகையில் அது நல்ல பாடம். யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார். பிறகு துறை முழுக்கச் சிரிப்பு ஏறியது. கடல் குளிர்ந்த கதையை ஒரு படகிலிருந்து அடுத்த படகுக்குச் சத்தம் போட்டுச் சொன்னார்கள். ஒவ்வொரு படகைத் தாண்டும்போதும் கதையில் டிக்கெட் அக்காவும் வாளிக்காரரும் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார்கள். கடைசிப் படகுக்குக் கதை போய்ச் சேர்ந்தபோது தணிக்கை தேவைப்படும் நிலையில் இருந்தது.

மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்போ இத்தனை நாளா நான் போனதெல்லாம்?"

எத்தனை தடவை அந்த எண்ணைக் கேட்டுவிட்டு அவன் கடலுக்குப் போயிருக்கிறான், அன்றெல்லாம் ஒன்றும் ஆகாமல் இருந்தது யார் புண்ணியம் என்று அப்போதுதான் வாளிக்காரருக்கும் உறைத்தது. மச்சான் படகிலிருந்து இறங்கினான். அவரைத் தாண்டிப் போய்ப் படகை மேலே இழுக்கும் இரும்புக் கயிற்றை எடுத்தான். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்ததற்கு, "நீ பேசினது போதும்க்கா" என்று மட்டும் சொன்னான். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அதிகமாகப் பீற்றிக்கொண்டவனே படகை மேலே ஏற்றுகிறான் என்றால் விஷயம் இருக்கிறது. ஐஸைக் கொட்டிவிட்டு அவர்களும் கயிற்றைப் பிடித்தார்கள். வாளிக்காரரும் போய்ப் பிடித்தார். மச்சான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

புயல் வந்தது. மெலியவில்லை. குளிர்ந்த பொட்டு இருப்பதாகச் சொன்ன இடத்தில்தான் கடைசிப் பந்தி உட்கார்ந்து வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்தது. கூரைகள் பறந்தன. ஐஸ் தொழிற்சாலையின் புகைபோக்கி நடுத்தெருவில் படுத்துக்கொண்டது. தங்குவதற்குக் கட்டடம் இல்லாததால் மக்கள் பள்ளிக்கூடத்திலும் படகுச் சீட்டுக் கொட்டகையிலும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். வரவேற்பு வளைவு விழுந்து, விழுந்த இடத்திலும் ஒருவரையும் வரவேற்க முடியாதபடி வழியை அடைத்துக்கொண்டது. கடலில் ஒரு படகுகூட இல்லை. ஆகவே கடலில் யாரும் சாகவில்லை.

தலைமை அலுவலகம் அசரவில்லை. குளிர்ந்த பொட்டு திடீரென்று மறைந்துவிட்டது, இது மாறிவரும் பருவநிலையின் அபாய அறிகுறி என்று அறிக்கை வந்தது. குளிர் முனைவர் 'ஒரு குளிர்ந்த பொட்டின் மரணம்' என்ற தலைப்பில் பேச மறுபடியும் வெளிநாடு போனார். பருவநிலை மாறுவது உண்மைதான், கடல் வருடத்துக்கு வருடம் சூடேறுவதும் உண்மைதான். இந்தக் கொலையை மட்டும் அதன் தலையில் போட்டது அநியாயம். வாளிக்காரருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதமும், தவறான எண்ணைத் தொடர்ந்து ஒரே சீராக அளித்ததற்காக ஒரு பாராட்டுக் கடிதமும் ஒரே உறையில் வந்தன. இரண்டு பிரிவுகள், ஒன்றுக்கொன்று பேசிக்கொள்வதில்லை. அவர்கள் வீட்டிலும் திரை இருந்திருக்கும்.

மச்சானும் பேசவில்லை. அக்கா வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டான். வலைக்கொட்டகையில் யாராவது வாளி என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவான். ஊர் முழுக்கக் கிண்டல் செய்தது வாளிக்காரரை உறுத்தவேயில்லை. அவன் கிண்டல் செய்யாததுதான் உறுத்தியது.

கடல் தணிந்து, படகுகள் மறுபடி தண்ணீரைத் தொடும் நாள் வந்தது. அக்கரையிலிருந்து டிக்கெட் அக்காவும் பழைய ஜன்னலுக்குத் திரும்பிவிட்டாள். அன்று காலை வாளிக்காரர் படகுத்துறையின் கடைசிக்குப் போனபோது மச்சான் ஏற்கெனவே அங்கே கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். வணக்கமும் இல்லை, 'மாமா'வும் இல்லை. மேற்கே கொஞ்சம் மேகம் கட்டியிருந்தது. அவனுடைய ஆட்கள் படகில் காத்திருப்பது இங்கிருந்தே தெரிந்தது.

வாளிக்காரர் வாளியை இறக்கினார். மேலே இழுத்தார். வெப்பமானியைச் செருகினார். கண்ணாடிக்குள் அந்த மெல்லிய கோடு ஏறி நிற்கும்வரை கண்ணை எடுக்கவில்லை. எண்ணைச் சொன்னார். பிறகு, தெற்கே உள்ள துறைமுகங்களிலிருந்து வந்த வானிலை அறிக்கையையும், தனக்குத் தெரியாதது எது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

"இன்னொரு தடவை மொண்டு பாருங்க," என்றான் மச்சான்.

மொண்டார். அதே எண்.

"போகலாமா?"

இந்தக் கேள்வியை அவன் இதற்கு முன் ஒருநாளும் கேட்டதில்லை. எண்ணைக் கேட்டதும் போய்விடுவான். வாளிக்காரர் மேகத்தைப் பார்த்தார், அலையைப் பார்த்தார், வெப்பமானியை மறுபடியும் பார்த்தார். அப்பனாக இருந்திருந்தால் எளிது, போகாதே என்று அதட்டிவிடலாம்.

"போலாம்," என்றார். "சாயங்காலத்துக்குள்ள வந்துடு."

"சரி மாமா," என்று சொல்லிவிட்டு அவன் நடந்தான்.

டிக்கெட் அக்கா பிளாஸ்கோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவளிடம் நிறைய இருந்தது. அக்கரையில் ஒரு தனி அறை, ஜன்னலோடு, காலியாகப் போகிறதாம். வீட்டுக்காரர் எப்படி மூக்கை உறிஞ்சிக்கொண்டே வாடகை பேசினார் என்று நடித்தும் காட்டினாள். வாளிக்காரர் தலையை ஆட்டிக்கொண்டேயிருந்தார். ஒரு சொல்கூட அவர் காதில் விழவில்லை. படகு ஒரு புள்ளியாகி, புள்ளியும் தெரியாமல் போன இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.